ஸ்டேபிள் வெர்ஷன் மட்டுமே போடும் சங்கரலிங்கம்

சங்கரலிங்கம் போய்விட்டார். இன்று காலை பெஹாலாவில் அவர் வீட்டுக் கதவை உடைத்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

அவர் கீழ்வீட்டு பெங்காலி அண்ணி, எங்களுக்கெல்லாம் பௌதி, முதலில் போன் செய்தபோது, "ஷொங்கர் தா தொர்ஜா குல்ச்சேன் நா" என்றுதான் சொன்னார். எவ்வளவு தட்டியும் கதவைத் திறக்கவில்லையாம். நான் ஹாலில் என் ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு.

"குளித்துக்கொண்டிருப்பார், கவலைப்படாதீங்க" என்று பௌதிக்குத் தைரியம் சொன்னேன்... நான்.

அரை மணி நேரத்தில் இரண்டாவது போன் வந்தது.

இன்று வியாழன். திங்கள் முன்பகலிலேயே முடிந்திருக்கும் என்கிறார் டாக்டர்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... கிடர்பூர் துறைமுக ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் எனக்கு எதிர் மேஜை. ரிட்டையர் ஆனபின் அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. ரவுட்டரில் கம்பெனி போட்டு அனுப்பும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை வழித்தெறிந்துவிட்டு, இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றை ஏற்றுவது. கல்கத்தாவில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கைபட்ட பெட்டிதான்.

என் பெட்டிக்கு ஏற்றும் முன் அதைக் கவிழ்த்துப் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். "மாடல் நம்பர் ஒண்ணா இருந்தா பத்தாது மேடம். அடியில குட்டியா வி-த்ரீ, வி-ஃபோர்னு இருக்கும். அதுல தப்புனா அப்புறம் இது செங்கல்தான்."

பிறகு மூன்று வாரம் ஆள் வரவே இல்லை. கேட்டால், ஃபோரத்தில் யாராவது புகார் எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம்!

"புதுசு வந்த அன்னைக்கே போட்டு, ஊரான் சோதனைக்கு நம்ம வீட்டக் குடுக்கணுமா? ஸ்டேபிள் வரட்டும். அவசரப்படாதீய."

டெஸ்ட் வெர்ஷன் என்றாலே முகத்தைச் சுளிப்பார். ஆபீஸில் புது ஜி.எம். வந்தாலும் அதே முகம்தான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். டாக்குரியாவில் தனி ஃப்ளாட். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் சங்கரலிங்கம் என்னை அப்படித் திட்டினார். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ரவுட்டருக்குப் பின்னால் யாரும் தொடாத ஒரு பட்டன் இருக்குமே... அதற்கு வேறு வேலை கொடுத்தார். காலை காபி குடித்ததும் நான் அதை ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். அவர் வீட்டு ரவுட்டரில் பச்சை விளக்கு எரியும். பத்து மணிக்குள் அமுக்காவிட்டால் சிவப்பு. அவர் அமுக்கினால் என் வீட்டிலும் அப்படியே. அவரும் தனிக்கட்டைதானே.

"சிவப்பு எரிஞ்சா மொத போன் பண்ணணும். எடுக்கலன்னா நேர்ல கெளம்பி வந்திரணும். இதான் ரூல்."

"இதுக்கு ஒரு குட்மார்னிங் மெசேஜ் போதாதா?" என்று கேட்டேன்.

"அத ஊரே அனுப்புது மேடம். வரலன்னா யாரு தேடுதா?"

ஒரு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

போன ஞாயிறு மதியம் அந்தக் காரியத்தைச் செய்தேன். பெட்ரூமில் மகளோடு வீடியோ கால் அடிக்கடி உறைந்துபோகிறது. புதிய டெஸ்ட் வெர்ஷனில் சிக்னல் பிரமாதம் என்று அதே ஃபோரத்தில் நாலு பேர் எழுதியிருந்தார்கள். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார். பழைய செட்டிங்ஸை அழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. அழித்தேன். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதையே கொடுத்தேன். வேலை முடிந்தது என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பட்டன் ஞாபகமே வரவில்லை.

திங்கள் காலை பழக்க தோஷத்தில் அமுக்கினேன். என் பெட்டியில் பச்சை எரிந்தது, அவரும் அமுக்கிவிட்டார் என்று நினைத்தேன். அது பெட்டிக்கு கரண்ட் வருகிறது என்று காட்டும் வெறும் பச்சை. புது ஃபர்ம்வேருக்கு சங்கரலிங்கத்தை எங்கே தெரியும்? நான் அமுக்கியது அவருக்குப் போகவே இல்லை.

பத்து மணி தாண்டி மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. படம் துல்லியமாக இருந்தது, இடையில் விட மனமில்லை. தவிர, டெஸ்ட் வெர்ஷன் போட்டதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார், திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்...

இரண்டாவது தடவையும் அடித்தது.

செவ்வாய் பச்சை. புதன் பச்சை. மனுஷன் கோபத்தில் பேசாமல் இருக்கிறார், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன்.

இன்று மதியம் பெஹாலா போனேன். வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தாராம். இஸ்திரி போட்ட சட்டை, காலில் செருப்பு. காலையில் வெளியே போகும் வழக்கமே அவருக்குக் கிடையாது, அன்றைக்கு எங்கே கிளம்பினாரோ என்று பௌதி கேட்டுக்கொண்டே இருந்தார்.

அலமாரி மேல் அவருடைய ரவுட்டர். என் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நாலு நாளாக.

தம்பி திருநெல்வேலியிலிருந்து கிளம்பிவிட்டார். நாளை மதியம் தகனம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

சங்கரலிங்கம்... எனக்கு ஒன்றுமில்லை. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க கிளம்பாதீங்க.