செல்வியின் வண்டிக்கு மூன்றாவது சென்சார்

“பாய், வண்டி மறுபடியும் படுத்துக்கிச்சு! கிழக்கே கறுத்துட்டு வருது. சொந்த நெல்லு, இன்னும் ஆறு மா நிலம் அறுக்காம நிக்குது. நனைஞ்சா முளைச்சுப் போயிடும்!”

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து செல்வி போனில் அழாத குறையாகப் பேசினார். அவருடையது டயர் போட்ட அறுவடை வண்டி. அதில் திரும்புவது பின்சக்கரம். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல, அச்சின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கும். அது உளறினால் கன்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடும். ஏற்கெனவே இரண்டு முறை அதை மாற்றிவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் வண்டி தங்கமாக ஓடும். வயலில் இறங்கினால் அதே ஃபால்ட். மெக்கானிக் வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு இது மானக்கேடு. மூன்றாவது சென்சாரைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை விரட்டினேன்.

சக்கரம் நேராகத்தான் நின்றது. வண்டியில் மாட்டிய லேப்டாப்போ பதினெட்டு டிகிரி வலப்பக்கம் என்றது. சப்ளை ஐந்து வோல்ட், சரி. எர்த்தும் சரி. அட, பிறகு என்னதான் கேடு? எரிச்சலில் அச்சுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.

சென்சாருக்கு நாலு விரல் தள்ளி, கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். கயிற்றைப் பிடித்திருந்தவை பழைய ஸ்பீக்கர் காந்தங்கள், மூன்று! அந்த சென்சார் கோணம் பார்ப்பதே உள்ளே இருக்கும் சின்னக் காந்தத்தை வைத்துத்தான்.

“இதை யாரும்மா வச்சது?”

“நான்தான் பாய். புது வண்டி, ஊர்க்கண்ணு படக்கூடாதுல்ல? முன்னாடி கட்டினா கட்டர்ல மாட்டிக்கும். வண்டி நின்னப்பல்லாம் திருஷ்டிக் கயிறு பத்தலைன்னு பெருசாக் கட்டினேன். கனம் தாங்க இன்னொரு காந்தம்.”

“ஒர்க்‌ஷாப்ல நான் பார்க்கலையே?”

“அழுக்கு வண்டியை உங்ககிட்ட விடுவேனா? எல்லாத்தையும் கழட்டி, கழுவித்தானே கொண்டாருவேன்!”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அது அவருடைய நம்பிக்கை. ‘கழற்று’ என்று நான் எப்படிச் சொல்வது? “கயிறு இருக்கட்டும்மா. கேபினுக்குள்ள கட்டிக்குங்க. காந்தம் மட்டும் வேண்டாம்” என்றேன். அவரே எடுத்தார். ரீடிங் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. பையிலிருந்த புது சென்சாரை எடுக்கவே இல்லை.

கடைசி நெல்லை டிராக்டரில் கொட்டித் தார்ப்பாய் இழுக்கும்போது முதல் தூறல் விழுந்தது. செல்வி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“அப்ப நல்லா இருந்த ரெண்டு சென்சார் போனது யார் கண்ணு பட்டு, பாய்?”

“முதல் தடவையே வயலுக்கு வந்திருக்கணும். என் கண்ணு படாமப் போனதாலதாம்மா.”