மூன்றாவது கட்டு

அன்று சித்தூர் கோர்ட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: ஜட்ஜி, அவருக்குக் கீழே எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, வாசலில் டவாலிச் சேவகன், எங்கள் வக்கீல், எதிர்க்கட்சி வக்கீல், பஸ் முதலாளி, கக்கத்துக் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த, என்னைப் பெற்ற நைனா, கூண்டில் நான். அம்மாவும் வருகிறேன் என்றாள். பஸ் சார்ஜுக்கு வழியில்லாமல் நிறுத்திவிட்டோம்.

நான் எட்டாவதோடு நின்றவன். கோர்ட்டில் எதைச் சொன்னால் எது கெடும் என்று தெரியாது. தெரியாததாலேயே முந்தின வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். புத்தூர் சந்தைக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போயிருந்தோம். நைனா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் பார்க்காமல் பின்னோக்கி வந்து அவர் வலது கால்மேல் ஏறியது. எலும்பு முறிந்தது, தோலும் கிழிந்தது. கண்டக்டரே அவரைத் தூக்கி அதே பஸ்ஸில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போனான். கூடவே நானும் போனேன். கட்டுக்காரர் காலைப் பார்த்ததுமே, "தோலு கிழிஞ்சிகீதே, இத ஆஸ்பத்திரிக்கு எட்துகினு போங்க" என்றார். "அங்க போனா போலீஸ் கேசு ஆயிடும். நீ கட்டு பெரியவரே" என்று கண்டக்டர் காசை எடுத்து வைத்தான். எங்களுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் எங்கள் பக்கம் யார் இருந்தார்கள்?

கட்டுக்குள் புண் அழுகி, கடைசியில் திருப்பதி ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அந்தச் செலவுக்கு நிலத்தை அடமானம் வைத்தோம். ஐயாயிரம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டதும் அதை மீட்கத்தான். தோற்றால் நிலம் போய்விடும்.

எங்கள் வக்கீல் திருப்பதிக்காரர், அய்யங்கார். "கட்டுப் போட்டதை மறைக்கப்படாது. நாமே முதல்ல சொல்லிடணும். அவா வாயால வந்தா நாம ஒளிச்ச மாதிரி ஆயிடும்" என்றார். ஆனால் கண்டக்டர் அழைத்துப்போனதை மட்டும் நானாகச் சொல்லக் கூடாதாம். "முன்னாடியே சொன்னா அவனுக்கு ஒரு கதை சொல்லிக் குடுத்துக் கூட்டிண்டு வந்துடுவா. ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னு அந்த வக்கீல் கேப்பான். அப்போ சொல்லு."

"கேக்காம உக்காந்துட்டா, சாமி?"

"கேப்பான்."

"கேக்கவே இல்லன்னா?"

"என் கவலையும் சேத்து நீயே பட்டுண்டிருக்கே. போய் ரெண்டு இட்லி சாப்பிடு."

விசாரணைக்கு முன் வராந்தாவில் பஸ் முதலாளி நைனாவைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு காலுக்கு ஐயாயிரமா? அந்தக் காசுல ரெண்டு ஜோடி எருது வாங்கலாமே."

"எருதுக்கு நாலு காலு கீது மொதலாளி. எனக்கு ரெண்டுதான் இருந்திச்சி" என்றார் நைனா.

எங்கள் வக்கீல் கேட்டதும் கட்டுப் போட்டதைச் சொல்லிவிட்டேன். பிறகு எதிர் வக்கீல் தெலுங்கில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், ஜட்ஜி இரண்டையும் கேட்டு இங்கிலீஷில் எழுதச் சொன்னார். எங்கள் ஜில்லாவில் இது புதுசில்லை. வண்டி எங்கே நின்றது, மாடு மிரண்டதா, நைனா கள் குடித்திருந்தாரா என்றெல்லாம் கேட்டார். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு உட்காரப் போனார். நிலம் போயிற்று என்று நினைத்தேன்.

பாதி உட்கார்ந்தவர் நிமிர்ந்தார். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும்போது எண்ணெய்க் கட்டுக்கு ஏன் போனீர்கள் என்றார்.

"நாங்க போவல சார். இவுரு கண்டக்டருதான் கூட்டிகினு போனாரு. ஆஸ்பத்திரின்னா போலீஸ் கேசு ஆயிடும்னாரு. கட்டுக்குக் காசும் அவுருதான் குட்த்தாரு."

ஜட்ஜி தலையைத் தூக்கி முதலாளியைப் பார்த்தார். எங்கள் வக்கீல் காகிதக் கட்டுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். எதிர் வக்கீல் விடவில்லை. காலில் நாற்றம் எப்போது வந்தது என்றார்.

"ரெண்டாவது கட்டுல." அவிழ்க்காமல் மேலே எண்ணெய் விட்டு எட்டு நாள் வைத்திருப்பதை எங்கள் பக்கம் ஒரு கட்டு என்போம்.

அப்போது கண்டக்டர் உங்கள் வீட்டில் இருந்தானா?

"இல்ல."

அவிழ்த்துப் பார்த்தீர்களா?

"மூணு கட்டு முடியாம அவுக்கக் கூடாதுங்க."

கட்டுப் போட்டவர் அப்படிச் சொன்னாரா?

நைனாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "இல்ல. நாத்தம் வந்தா ஒடனே வரச் சொன்னாரு. நைனாதான் மூணாவது கட்டும் முடியட்டும்னாரு."

எங்கள் வக்கீல் நிமிர்ந்தார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

வெளியே வந்ததும், "இதை ஏன்டா எங்கிட்ட சொல்லலை?" என்றார்.

சொல்லவேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. வலது கையால் சாப்பிடுகிறோம் என்று வக்கீலிடம் யார் போய்ச் சொல்வார்கள்? மூன்று கட்டும் அப்படித்தான். நைனாவுக்குத்தான் கோபம் வந்தது. "நடுவுல எவன் அவுப்பான்? அந்த ஜட்ஜி ஊட்டுல அவுப்பாங்களா?"

"தெரிஞ்சிருந்தா அதையும் நாமளே முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றார் வக்கீல், கோட்டைக் கழற்றி மடித்தபடி.

தீர்ப்பில் தப்பு பஸ்மேல்தான் என்று வந்தது. ஆனால் நாற்றம் வந்த பிறகும் அவிழ்க்காதது எங்கள் தப்பு என்று பாதியைக் கழித்துவிட்டார்கள். மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறில் முதலாளி ஐந்நூறு கட்டினார். அதற்குள் இரண்டு ராஜ்யத்துக்கும் எல்லையை மாற்றிப் பிரித்து, திருத்தணிப் பக்கம் மதராஸுக்குப் போயிற்று. அவர் வீடும் ஷெட்டும் அங்கேதான். சித்தூர்த் தீர்ப்பை அந்த ராஜ்யத்துக் கோர்ட்டுக்கு அனுப்பித்தான் இனி வசூலிக்க வேண்டும் என்றார்கள். நகல், ஸ்டாம்பு, அங்கே வேறொரு வக்கீல். நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோதே அடமானக்காரர் நிலத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த மழைக்கு முன் நைனாவும் போய்விட்டார்.

அந்தப் பஸ் வெகுகாலம் ஓடியது. எங்களுக்கு வரவேண்டியது இன்னும் இரண்டாயிரம் ரூபாய்.