பந்தலுக்குள் செருப்பு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெருமைகள். கம்பத்தில் எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையின் ருசி வேறெங்கும் வராது என்பது ஒன்று. அந்தப் பந்தலுக்குள் இதுவரை ஒருத்தரும் செருப்புக் காலோடு நுழைந்ததில்லை என்பது மற்றது. என் மாமனார் காலத்து வழக்கம் அது. கொடி சாமியாம், அதன் நிழலில் செருப்புப் படக் கூடாதாம். பூச்சி மருந்து மட்டும் தாராளமாகப் படலாம். சாமி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

போன ஐப்பசியில் பழம் பழுத்து நின்றது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பழம் வெடிக்கும், வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். பறிக்க ஆள் இல்லை.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் வாசல் கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்று வேலை கேட்பார்கள். இவர் மாப்பிள்ளை பார்ப்பதுபோல நிதானமாகப் பொறுக்கி எடுப்பார். அந்தப் பெண்களின் மகள்கள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் மதுரைக்கும் போய்விட்டார்கள். மிஞ்சிய தாய்மார்களை விடிவதற்குள் ஜீப்புகள் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அள்ளிக்கொண்டு போகின்றன.

"ஊருல சோம்பேறி பெருத்துப்போச்சு" என்பார் இவர், சாய்வு நாற்காலியில் படுத்தபடி. மண்வெட்டி பிடித்துவிடக் கூடாதென்று இவரே படிக்கவைத்த எங்கள் மகன் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். நூற்றுக்கணக்கில் எடுக்கிறானாம். அவனுக்குப் போன் போட்டோம்.

"வேலைக்கு வர்றவுக வயசு மாறிப்போச்சுப்பா, நாமதான் அவுகளுக்கு ஏத்தாப்புல மாறணும்" என்றான். அப்புறம் மீட்டிங் இருக்கிறதென்று வைத்துவிட்டான். அத்தனை பேருக்கு வேலை தரும் பிள்ளையால் அப்பனுக்கு ஓர் ஆள் அனுப்ப முடியவில்லை.

மறுநாள் விடியுமுன் இவர் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனார். நானும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன், வேடிக்கை பார்க்கத்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் சேர்த்துப் போகும் அக்கா ஒருத்தி இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கக்கூசு இருக்காண்ணே? மத்தியானம் மாத்திர போட வெந்நி குடுப்பீகளா?"

பழைய நாளாயிருந்தால் கேட்டைத் தாண்ட விட்டிருக்க மாட்டார். அன்றைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஐந்தாறு பேர் வந்தார்கள். எல்லாருமே ஐம்பதைத் தாண்டியவர்கள்.

பந்தல் வாசலில் இவருக்குப் பழைய குரல் திரும்பியது. "செருப்பக் கழத்திட்டு வாங்க."

ஒருத்தியும் அசையவில்லை. எல்லார் காலிலும் ஒரே மாதிரிக் கறுப்புச் செருப்பு, சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று விற்கும் மெத்தென்ற செருப்பு.

"எங்களுக்குச் சக்கர இருக்குண்ணே. முள்ளு ஏறுனாலும் காலுக்குத் தெரியாது. வெறுங்காலோட ஒரு எட்டு வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக."

"எனக்குந்தான் இருக்கு. நான் வெறுங்காலோட நடக்கல?"

"உங்க காலு போனா பிள்ளக பாத்துக்கிருவாக. எங்க காலு போனா நாளைக்கு யாரு ஜீப்புல ஏறுறது?" என்றாள் அந்த அக்கா. சொல்லிவிட்டுத் திரும்பி ரோட்டுக்கு நடந்தாள், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஏலத்தோட்டத்தில் அவர்களுக்குப் பூட்ஸே கொடுக்கிறார்களாம்.

இவர் வடக்கத்திப் பையன்களைக் கூட்டிவரும் காண்ட்ராக்டரைப் பிடித்தார். கட்டட வேலைக்கே ஆள் பற்றவில்லை என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் தூறல் விழுந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே சாமி குத்தம் பற்றிப் பேசினார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

மறுநாள் விடியுமுன் நானே தனியாகப் போய் அந்த அக்காவையும் மற்றவர்களையும் கூட்டிவந்தேன். கேட்டைத் திறந்துவிட்டு, "செருப்போடயே வாங்க ஆத்தா" என்றேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கத்தரியும் ஒரு பெட்டியுமாகக் கடைசி வரிசைக்குப் போய்த் தனியாகப் பறிக்க ஆரம்பித்தார், வெறுங்காலோடு. சாமிக்கு ஒரு பக்தராவது மிஞ்ச வேண்டாமா என்று சத்தமாகவே சொன்னேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மத்தியானத்துக்குள் முக்கால் தோட்டம் பெட்டியில் இறங்கிவிட்டது. மழை மலையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஜெயித்த தெம்பில் தண்ணீர்ச் செம்போடு அவரிடம் போனேன், இன்னும் இரண்டு வார்த்தை சொல்லத்தான்.

மண்ணில் அவர் நடந்த தடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

பழம் நசுங்கியதென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் எட்டு வைக்கும்போது பாதம் தெரிந்தது. கொடி கட்டும் கம்பித் துண்டு ஒன்று உள்ளே ஏறியிருந்தது. அதோடுதான் வரிசை நெடுக நடந்திருக்கிறார். செம்பைப் போட்டுவிட்டுக் கத்தினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அந்த அக்கா அவரைப் பெட்டிமேல் உட்காரவைத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு ரத்தம் போகுது, வலிக்கலையாண்ணே?"

அவர் குனிந்து தன் பாதத்தையே பார்த்தார்.

"எங்கன?" என்றார்.