முகத்துவாரத்துக்கு அப்பால் இரண்டு வீடுகள்

எனக்குக் கடல் என்றால் பயம். ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வாக்கப்பட்டவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் யாரும் மீன் பிடிக்கப் போனதில்லை. மாதா கோயில் திருவிழா முடிந்து எல்லாரும் கடற்கரைக்கு நடந்தால், நான் ரோட்டோரமாகவே நின்றுகொள்வேன். அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் மணல் கழன்று போகுமே, அது எனக்கு ஆகாது.

அப்படிப்பட்ட எனக்குத் தீவில் இரண்டு வீடுகள் சொந்தமாக இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில், ஏறக்குறைய இரண்டு வருஷம்.

யோசனை என் கணவரின் அண்ணனுடையது. பெரியவர் என்றுதான் சொல்வோம். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒருமுறை மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"கப்பல் போற ஊர்லல்லாம் தீவுல கடலோரமா சின்னச் சின்ன வூடா கட்டி வுட்டுக்கீறான். ஊர்ல இருந்து வர்றவன் ஒரு வாரம் தங்குறான், நண்டு துன்றான், காசக் குடுத்துட்டுப் போறான். நம்மாண்ட தீவு இல்லியா இன்னா? எண்ணூர் முகத்துவாரத்தத் தாண்டுனா அந்தாண்ட தீவுதானே?"

தீவு என்பது தப்பில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே நீளமான மணல்திட்டு. சவுக்குத் தோப்பு, ஒரு மீனவக் குப்பம், அவ்வளவுதான். போக வேண்டுமென்றால் படகு.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"கடலு உள்ள வந்துட்டா?" என்று கேட்டேன்.

"கடலு எங்கம்மா வரும்? அது எடத்துல அது கீது," என்றார் பெரியவர்.

திருவொற்றியூரில் என் பெயரில் அப்பா வாங்கிக் கொடுத்திருந்த மனையை விற்றோம். அதில் பாதியும் பெரியவரின் கப்பல் சம்பாத்தியமும் சேர்ந்து, தோப்புக்காரர் ஒருவரிடம் மணல்மேட்டைக் குத்தகைக்கு எடுத்து, செங்கல் சுவரும் ஓலைக் கூரையுமாக இரண்டு வீடுகள் எழும்பின. கட்டிலில் படுத்தால் கடல் தெரியும் என்று என் கணவர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. குழந்தைக்குச் சளி, தலைவலி, ஜெபக்கூட்டம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. அவரும் வற்புறுத்தவில்லை.

ஆனால் சாவி என்னிடம்தான் இருந்தது. தங்க வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சாவியும் துவைத்த போர்வைகளும் வாங்கிக்கொண்டு எண்ணூருக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் அவர்களை அக்கரை சேர்ப்பார், மீன் வாங்கிக் கொடுப்பார். ஆபீசர்கள் வந்தார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது மூக்கு கறுத்து, சிரித்துக்கொண்டு சாவியைக் கொடுப்பார்கள். சாவி என் கைக்குத் திரும்பி வரும்வரை, அது மாட்டியிருந்த ஆணியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். வந்தவர்கள் எல்லாரும், பெரும்பாலும் பெண்கள், வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது வருஷம் தீபாவளி லீவுக்கு மயிலாப்பூரில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர் பாங்கில் வேலை. மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்.

"அங்க பயம் ஒண்ணும் இல்லையே? குழந்தைகளை வச்சிண்டு போறோம்."

"ஒரு பயமும் இல்லைங்க. நாங்களே அடிக்கடி போய்த் தங்குவோம்," என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. ஒன்பது மணி இருக்கும், கணவருடன் வேலை செய்பவர் ஒருவர் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தார்.

"அண்ணி, புயல் கூண்டு ஏத்திட்டாங்க. கிரேன எல்லாம் கட்டிப் போடணும்னு அண்ணன வெளிய வுடல. தீவுல கீறவங்கள இட்டார யாரையாவது அனுப்பச் சொன்னாரு."

யாரை அனுப்புவது? பெரியவர் எந்தக் கடலில் இருந்தாரோ. தெருவில் இரண்டு வீட்டில் கேட்டேன். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். இக்கரையிலேயே நின்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

எண்ணூரில் இறங்கியபோது காற்று என் குடையை மடக்கிப்போட்டது. படகுக்காரர் கரையில்தான் இருந்தார். மீன் விற்க வந்தவர், வீட்டுக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நைனா, அவங்கள இட்டாந்துரு," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலீலயே கூப்ட்டேம்மா. அந்த ஐயா வரமாட்டேன்னுட்டாரு. வூட்டுக்காரம்மா ஒரு பயமும் இல்லன்னு சொல்லிக்கீறாங்க, நீ யாரு சொல்றதுக்குன்றாரு. நீ வந்து சொன்னாதான் எழுந்துப்பாரு."

உப்பங்கழியின் தண்ணீர் காப்பி நிறத்தில் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் கடல் அதை எதிர்த்து எழும்பி வெள்ளையாக உடைந்தது. அந்த இரைச்சலில் அவர் பேசியதே பாதிதான் காதில் விழுந்தது.

"வர்றதுன்னா இப்பவே வா. இன்னும் செத்த நேரம் போனா நானே போவமாட்டேன்."

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. படகின் குறுக்குக் கட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தை வராமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஓர் அலை பக்கவாட்டில் அடித்து மடியெல்லாம் தண்ணீர்.

"கண்ணத் தொறம்மா. அந்த டப்பாவ எட்த்து தண்ணிய மொண்டு ஊத்து. நீ ஊத்தலன்னா நாம ரெண்டு பேரும் காலி."

கண்ணைத் திறந்து மொண்டு ஊற்றினேன். பயம் குறையவில்லை. கை மட்டும் தனியாக வேலை செய்தது.

அக்கரையில் சவுக்குத் தோப்பு ஆயிரம் பேர் சேர்ந்து ஓலமிடுவது போல் ஊளையிட்டது. தோப்பைத் தாண்டியதும் அவர் கை காட்டினார். என் வீடுகளை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அலை வந்து முதல் வீட்டின் படியை நக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது வீட்டில் நால்வரும் கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஓலை பிய்ந்து ஒரு மூலையில் மழை கொட்டியது. அந்த மனிதர் வெளுத்துப் போயிருந்தாலும் விடவில்லை.

"இந்தக் காத்துல குழந்தைகளோட வெளில வரச் சொல்றேளா? வீட்டுக்குள்ள இருக்கறதுதான் பத்திரம். நீங்கதானே சொன்னேள், அடிக்கடி வந்து தங்குவோம்னு?"

"பொய் சொன்னேன்," என்றேன். "இந்த வீட்ட நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். எனக்குக் கடல்னாலே பயம். எழுந்திருங்க."

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அவர் மனைவி சின்னதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பெரியதை நான் பிடித்துக்கொண்டேன்.

திரும்பப் படகில் போக வழியில்லை என்றார் படகுக்காரர். குப்பத்து அம்மன் கோயில்தான் மேட்டில் இருக்கிறது, அங்கேதான் எல்லாரும் போவார்கள் என்று முன்னால் நடந்தார். மணல் ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. எங்களுக்குப் பத்தடி பின்னால் ஒரு மரம் முறிந்து விழுந்தது. பெரிய பெண் என் கையைக் கடித்துவிட்டாள், அத்தனை பயம் அவளுக்கு.

கோயிலில் குப்பமே இருந்தது. கோழி, ஆடு, வலை மூட்டை, மனிதர்கள், எல்லாம் ஒன்றாக. கழுத்தில் ஜெபமாலையோடு அம்மன் முன்னால் நான் உட்கார்ந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. படகுக்காரரின் மனைவி குழந்தைகளுக்கு உலர்ந்த துணி கொடுத்தாள். மத்தியானம் காற்று உச்சத்துக்குப் போனது. சுவரில் முதுகைச் சாய்த்திருந்தேன். சுவர் அதிர்வது முதுகில் தெரிந்தது.

கொஞ்சம் தணிந்ததும் மயிலாப்பூர்ப் பெண் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை பேர்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கேள்?"

"எல்லார்கிட்டயும்."

அவள் அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. மறுநாள் எண்ணூரில் பஸ் ஏறும்வரைக்கும் பேசவில்லை. அவள் கணவர்தான் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைச் சுட்டது.

அன்று ராத்திரி கோயிலில் படகுக்காரர் பீடியைப் பற்ற வைக்கப் பார்த்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். என்னைக் குத்திக்காட்ட அல்ல, ஏதோ வானிலை பேசுவது போல.

"அந்த எடத்துல கட்டாதன்னு அப்பவே சொன்னோம். எங்கப்பன் காலத்துல கடலு அங்க பூந்துக்கீது. மேட்டுல எடம் காட்றோம்னு சொன்னோம். கப்பக்காரரு ஒத்துக்கல. வர்றவங்களுக்குக் கட்டில்ல இருந்து கடல் தெரியணும்னாரு."

"எங்க வூட்டுக்காரரு அப்ப கூட இருந்தாரா?"

பீடி பற்றவே இல்லை. அதைக் காதில் செருகிக்கொண்டு, "இருந்தாரும்மா," என்றார்.

காலையில் போய்ப் பார்த்தோம். முதல் வீடு இருந்த இடத்தில் சுத்தமான மணல், யாரோ பெருக்கி வைத்தது போல. இரண்டாவதற்கு மூன்று சுவர்கள் நின்றன. அந்தக் கட்டிலைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலில் நின்றிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். சோறு போட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"கடலு அங்க வரும்னு உனக்குத் தெரியுமா?"

அவர் தட்டில் கை கழுவினார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவோ ஒரு தபா வந்ததுன்னாங்க. நம்ம நேரத்துல வராதுன்னு நென்ச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சாவி குடுக்கமாட்ட."

அதன் பிறகு நாங்கள் முப்பது வருஷத்துக்கும் மேல் ஒன்றாகக் குடித்தனம் செய்தோம். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனாலும் அவர் எதையாவது "ஒண்ணும் ஆவாது" என்று சொல்லும்போதெல்லாம், மகளைச் சைக்கிளில் ஏற்றும்போதும், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போதும், எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றுகொள்ளும். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வாசலில் நின்று அந்தப் பொய்யைச் சிரித்த முகத்தோடு சொன்னவள் நான்தானே.

மிச்சமிருந்த செங்கல்லைக் குப்பத்தார் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன். கோயில் சுவரைக் கெட்டிப்படுத்த உதவியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெரியவர் அடுத்த சித்திரையில் வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "வூடு போனா போவுது. மன்சங்க பொழ்ச்சாங்க இல்ல? எடம் நம்மளுதுதான். இந்தத் தபா ஒசரமா தூண் போட்டுக் கட்டிக்கலாம்," என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அண்ணனும் தம்பியும் மறுநாள் இடத்தைப் பார்க்கப் போனார்கள். சாயங்காலம் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். பெரியவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார், அடுத்த வாரமே வேறொரு கப்பலுக்கு எழுதிப் போட்டார்.

என்ன ஆயிற்று என்று கணவரைக் கேட்டேன். மழைக்குப் பிறகு முகத்துவாரம் நகர்ந்துவிட்டதாம். கரையோரம் வெகுநேரம் நடந்தும் இவர்களுக்கு இடம் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் படகுக்காரரைக் கூட்டிவந்து கேட்டிருக்கிறார்கள். அவர் கரையில் நின்றபடி கையை நீட்டி, தண்ணீருக்குள்ளே தூரத்தில், அலை உடைகிற இடத்தைக் காட்டினாராம்.