திரைக்குப் பின்னால் இருந்த பெண்பால்

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கண்டியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் டாக்டர் கனவு காணும் பையன்களுக்கெல்லாம் லத்தீன் கட்டாயம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் வாங்கு என்னும் நீளப் பலகைதான், மார்க் வரிசைப்படி. ஒரே ஒரு கைவைத்த கதிரை முன்னால் கிடக்கும். திங்கட்கிழமைப் பரீட்சையில் யார் முதலோ, அந்த வாரம் அது அவனுக்கு. ஒரு தவணை முழுக்க அதில் சாய்ந்திருந்தவன் அலவத்துகொட ஊர் முஸ்லிம் பையன். இரண்டாமிடத்து வாங்கில் குந்தியபடி அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பிடரியை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

என்னைக் கவிழ்த்தது பெயர்ச்சொற்களின் பால். தமிழ் மரியாதையான மொழி; உயிரில்லாத சாமான்களை மொத்தமாக அஃறிணையில் தள்ளிவிடும். லத்தீனிலோ மேசை பெண், புத்தகம் ஆண், போர் இரண்டுமில்லை. அவன் மட்டும் ஒன்றைக்கூடத் தவறவிடமாட்டான். வயிறெரிந்து ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எப்புடிடா மறக்காம வச்சிக்கிற?"

"எங்கட ஊட்டுல குடிவெச்சிட்டேன் மச்சான். ஆம்பளச் சொல்லெல்லாம் முன் ஹோல்ல. பொம்பளச் சொல்லெல்லாம் தெரைக்கிப் பின்னால, உள்ளுக்கு. ரெண்டுமில்லாதது வாப்பாட சாமான் அறையில, சாக்கோட சாக்கு."

இவ்வளவுதானா என்று நானும் வீட்டுக்குப் போய்க் குடிவைத்தேன். எங்கள் வீடு கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்துக் காம்பரா. ஒரே அறை, அதில் நாங்கள் ஏழு பேர், மழை பெய்தால் கோழிகளும். மேசை அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. போர் அம்மாவின் அடுப்பில் ஏறி உட்கார்ந்தது. அடுத்த பரீட்சையில் வழக்கத்தைவிட மோசம்; இரண்டாமிடம் மயிரிழையில் தப்பியது.

அப்போதுதான் அந்த மேதாவி யோசனை வந்தது. நம் வீடு சரிப்படாவிட்டால் என்ன, அவன் வீட்டையே எடுத்துக்கொள்ளலாமே? நோன்புப் பெருநாளுக்கு அழைக்கும்வரை அவனை விடவில்லை.

போனேன். முன் ஹோலில் உட்காரவைத்தார்கள். மணிக்கூட்டுக்கு மேலே புத்தகத்தை வைத்தேன், அலுமாரிக்குள் தோட்டத்தை அடைத்தேன். ஐம்பது ஆண்பால் சொற்களுக்கு அரைமணியில் இடம் கிடைத்துவிட்டது. சாமான் அறையைப் பார்க்க ஆசை என்றதும் அவனுடைய வாப்பா பெருமையாகக் கூட்டிப்போனார். மிளகுச் சாக்கு, கராம்புச் சாக்கு, ஒவ்வொன்றின்மேலும் ஓர் ஒன்றன்பால். மிச்சம் உள்வீடுதான். திரைக்கு இந்தப் பக்கமாக வளையல் போட்ட ஒரு கை வட்டிலப்ப இனிப்புத் தட்டை நீட்டும், மறையும். கை கழுவும் சாக்கில் எழுந்து மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"தம்பி, கை கழுவுற பீலி வெளியில ஈக்கிது" என்றார் வாப்பா, சிரித்துக்கொண்டே. வாசலுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை. ஆண்பால் அத்தனையும் சரி. ஒன்றன்பால் அத்தனையும் சரி. பெண்பால் வந்ததும், தாளில் பாதிக்குமேல் அதுதான், என் கண்முன் அந்த வீட்டுப் பச்சைத் திரை மட்டும் ஆடியது. கையும் வளையலும் தவிர எதுவும் தெரியவில்லை. பூச்சியம்.

எங்கள் யாழ்ப்பாணத்து லத்தீன் மாஸ்டர் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். "என்ன தம்பி, உமக்குப் பொம்பிளையளோட ஏதும் கோவமோ?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இரண்டாமிடத்திலிருந்து நேரே கடைசி வாங்குக்குப் போனேன்.

இடைவேளையில் அலவத்துகொடப் பையன் வந்து என்னடா ஆச்சு என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். வாங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"அதுதானா! உம்மா கேட்டாடா, அந்தப் புள்ள ஏன் தெரையையே பாத்துட்டு ஈந்திச்சி, வட்டிலப்பம் பத்தலயோன்னு." பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து என் மடியில் வைத்தான். "ஒனக்குத்தான் தந்து உட்டா."

இவ்வளவு நல்லவனாக வேறு இருக்கவேண்டுமா அவன்? மணி அடித்ததும் போய்க் கதிரையில் சாய்ந்தான். கடைசி வாங்கிலிருந்து அந்தப் பிடரிகூடச் சரியாகத் தெரியவில்லை. மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் டின்னைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவன் கை நீட்டினான். ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.