டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள்

துப்பாக்கி உரிமம் கிடைத்த புதிது. சிட்னிக்கு வெளியே ஒரு பண்ணையில் இரவில் நரி சுடப் போனேன். என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நண்பர் டார்ச் அடிக்க மட்டும் வந்தார், துப்பாக்கியைத் தொடமாட்டார்.

வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னின. முழு உடம்பும் தெரிந்த பிறகே சுட வேண்டும் என்று உரிம வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் கண்களைப் பார்த்தே சுட்டேன். குறி தப்பியது. பண்ணைக்காரரின் நாய் அலறிக்கொண்டு ஓடியது.

"நாய்தானே, அதுவும் தப்பிச்சிருச்சே" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

"ஆரெண்டு பாக்காமல் இருட்டுக்குள்ள சுட்டவங்களாலதான் நான் வள்ளம் ஏறி இஞ்ச வந்தனான்" என்றார் நண்பர்.

பிறகு டார்ச்சை என் முகத்துக்கு நேரே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, அணைத்தார்.