செய்து முடித்ததாக ஒரு வேலை

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் காரைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. இடது முன்னிருக்கைக்கு எதிரே உள்ள ஏர்பேக்கில் குறை இருக்கிறதாம். வண்டி மோதினால் அந்தப் பையை உப்ப வைக்க வேண்டிய சின்னக் குப்பி தானே வெடித்து இரும்புத் துண்டுகளைத் தெறிக்கவிடலாமாம். இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை அந்த இருக்கையில் யாரும் உட்கார வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த இருக்கை என் கணவருடையது. பைக்கிலிருந்து விழுந்து இடது முழங்காலில் தகடு வைத்த பிறகு அவருக்கு அந்தக் கால் முழுதாக மடங்காது. அவரால் வண்டி ஓட்டவும் முடியாது. காரைக்குடியிலிருந்து கண்டரமாணிக்கத்துப் பள்ளிக்கு நான் தினமும் ஓட்டிப்போகிற கார்தான். ஆஸ்பத்திரி, கல்யாணம், துக்கம் என்று சேர்ந்து போகும்போது முன்னிருக்கையை நன்றாகப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொள்வார். தபால் வந்த நாளிலிருந்து பின்னிருக்கையில் குறுக்காக, கதவில் முதுகைச் சாய்த்து, காலை இருக்கைமேல் நீட்டி உட்கார்ந்து வந்தார். பிரேக் போடும்போதெல்லாம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னைய மூட்டை கணக்கா ஆக்கிட்டாங்க" என்பார்.

திங்கட்கிழமையே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காகிதக் கோப்பையில் இனிப்பு மட்டுமே தெரிகிற காப்பி. சுவரில் ஒரு குடும்பம் காருக்கு முன்னால் நின்று சிரித்தது. உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கவலை என்று அதன் கீழே எழுதியிருந்தது. டை கட்டிய இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு, பார்ட் இன்னும் வரவில்லை, வந்தால் நாங்களே கூப்பிடுவோம் என்றார். கூப்பிடவில்லை. ஏப்ரலில் போனேன். மே மாதம் இரண்டு முறை போனேன். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்போடு என் தொலைபேசி எண்ணைக் கேட்டுப் புதிதாக எழுதிக்கொண்டார். நாலாவது முறை எண்ணைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கசந்தது. வீட்டில் ஆள் இருந்தும் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே பதில் சொல்கிறவர்களைப் பார்த்தால் வருமே, அந்த அருவருப்பு.

ஜூனில் வழக்கமான சர்வீஸுக்கு வண்டியை விட்டேன். அன்று எனக்குப் பள்ளியில் வேலை இருந்ததால், மாலையில் கணவர் ஆட்டோவில் போய் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. ஒர்க்‌ஷாப் டிரைவர் ஓட்டிவர, அவர் முன்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து வீட்டுக்கு வந்து இறங்கினார். முகமெல்லாம் மலர்ச்சி. ஏர்பேக்கையும் மாற்றிவிட்டார்களாம். கால் வலிக்கும் என்று முதலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் காகிதத்தை நீட்டினார்களாம். நல்ல பிள்ளைகள் என்றார். அவர் கொண்டுவந்த வேலை அட்டையில் எல்லா வேலைக்கும் நேராக டிக் அடித்திருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. நானும் நம்பினேன். மூன்று மாதம் கோபப்பட்டதற்குக் கொஞ்சம் வெட்கப்படக்கூடச் செய்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் முன்னிருக்கையில்தான் வந்தார். திருச்சிக்குப் போனோம். மழையில் சிவகங்கைக்குப் போனோம். திருப்பத்தூர் சாலையில் ஒரு லாரி திடீரென்று திரும்பியபோது முட்டுகிற மாதிரி போய் நின்றோம். அந்த இடம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகஸ்டில் ஒரு மாலை, குன்றக்குடியில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் மெக்கானிக் அங்கே நின்றார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். வணக்கம் சொல்ல வந்தவர், முன்னிருக்கையில் டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தார். முகம் மாறியது. என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"சார முன்னாடி உக்கார வைக்காதீக டீச்சர்."

அதுதான் மாற்றியாகிவிட்டதே என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

"யாரும் தொடவே இல்ல டீச்சர். பார்ட்டே வரல. மாசக் கடைசியில எத்தன வண்டி முடிஞ்சுச்சுன்னு மேல காட்டணும், அதான். கழட்டுன பழசக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும். அது எங்கன்னு கேளுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

திரும்பி வந்து கணவரைப் பின்னால் உட்காரச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். பாதி டீயோடு டம்ளரை என்னிடம் நீட்டினார். பிறகு கதவைப் பிடித்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு பின்னால் போய் ஏறினார். பொய் சொன்னதைவிட அந்த நாற்காலிதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவருடைய காலைப் பார்த்துவிட்டு, அந்தக் காலுக்காகவே நாற்காலி போட்டு, அதே மனிதரை அந்தக் குப்பிக்கு முன்னால் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மேலாளரைப் பார்த்தேன். வேலை அட்டையை மேசையில் வைத்தேன். அவர் கணினியைத் தட்டி, எல்லாம் முடிந்ததாகத்தான் காட்டுகிறது என்றார். கழற்றிய பழைய குப்பியை எந்தத் தேதியில் திருப்பி அனுப்பினீர்கள், அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரிப்பு நின்றது. யாரையோ கூப்பிட்டார், யாரும் வரவில்லை. கடைசியில், பதிவு செய்யும்போது ஏதோ தவறு நடந்திருக்கலாம் என்றார். சரி, இப்போதாவது மாற்றுங்கள் என்றேன்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கு மேடம். உங்க வண்டி முடிஞ்சதுன்னு க்ளோஸ் ஆயிருச்சு. ஒரு வண்டிக்கு ரெண்டு தடவ பார்ட் தர மாட்டாங்க."

கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். அவர்கள் எழுதிய பொய், இப்போது நான் மீற முடியாத சட்டமாகிவிட்டது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். நான் சொல்லவில்லை.

நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். வேலை அட்டையின் நகலை வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எங்கள் வண்டியின் பழைய குப்பி உங்களிடம் வந்து சேர்ந்ததா? ஒரு மாதம் பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அக்டோபர் கடைசியில் மதுரையில் உள்ள அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள்.

மதுரையில் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வெளியே உட்காருங்கள் என்றார்கள், மாட்டேன் என்றேன். டேஷ்போர்டைத் திறந்து, குப்பியை மாற்றி, மூட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கழற்றியதைக் காட்டச் சொன்னேன். டம்ளர் அளவுதான் இருந்தது. அதற்காக ஏழு மாதம். அடுத்த வாரம் வந்த மின்னஞ்சலில், நேர்ந்த தரவுப் பிழைக்கு வருந்துவதாக எழுதியிருந்தார்கள். தரவுப் பிழை. நாற்காலியும் தண்ணீரும் அதில் எங்கே வருகிறது என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

தை மாதத்தில் கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தலுக்கு வெளியே எங்கள் கார் மாதிரியே ஒன்று நின்றது, அதே நிறம்கூட. அதன் முன்னிருக்கையிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் இறங்கினாள். ஓட்டிவந்தவரிடம் போய், ஏர்பேக்கை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். காரைக்குடியில்தான், அதே ஒர்க்‌ஷாப்பில்தான் மாற்றினார்களாம்.

"அது ஜூன்லயே முடிஞ்சிருச்சே. மெசேஜ்கூட வந்துச்சு."

நடந்ததை எல்லாம் சொன்னேன். பழைய குப்பியைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள், அதுவரை அவளைப் பின்னால் உட்கார வையுங்கள் என்றேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மெசேஜை எடுத்துக் காட்டினார். பிறகு, சாப்பிட்டுப் போங்கம்மா என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.